கிளாரா ஷூமன் (1819–1896): நீலகிரியில் பியானோ கற்போரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், உதகை, கோத்தகிரிப் பக்கங்களில் மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ராபர்ட் ஷூமன் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயர் சிறு வயதிலேயே பழகிவிடுகிறது. 1848இல் தம் மூத்த மகள் மரீயின் பிறந்தநாளை முன்னிட்டு அவர் எழுதத் தொடங்கிய சிறுவர் தொகுப்பிலிருந்து, வேலை முடித்துத் திரும்பும் உழவனைப் பற்றிய உருப்படியையோ முரட்டுக் குதிரைவீரனைப் பற்றியதையோ வாசிக்காமல் யாரும் மேல்நிலைக்குச் செல்வதில்லை. அந்த மரீயின் தாயார் தம் காலத்தில் கணவரைவிடப் புகழ்பெற்றிருந்தார் என்பதைச் சொன்னால்தான் கேள்விகள் பிறக்கின்றன. வகுப்பிலும், தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகைக்குப் பிறகும், பிள்ளையை அழைத்துப்போக வந்து காத்திருக்கும் பெற்றோரிடமிருந்தும் பியானோ ஆசிரியர் என்ற முறையில் எனக்கு வந்த கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிளாரா ஷூமன் யார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோ கலைஞர்களுள் ஒருவர்; இசையமைப்பாளர், ஆசிரியர், பதிப்பாசிரியர். கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கமாக நீலகிரிக்கு ஏறிவந்த அதே 1819ஆம் ஆண்டில், செப்டம்பர் 13 அன்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிளாரா வீக் என்ற பெயரில் பிறந்தார். ஒன்பது வயதில் மேடையேறியவர் 1891இல்தான் பொதுமேடையிலிருந்து விலகினார். அவர் பங்கேற்ற கச்சேரிகளின் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல்கள் மட்டும் 1,300க்கு மேல் பாதுகாக்கப்பட்டுள்ளன. யூரோ நாணயம் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் இருந்த முகம் அவருடையது.

அவருக்குப் பியானோ கற்பித்தவர் யார்?

தந்தை பிரீட்ரிக் வீக். பியானோ விற்பனையும் வாடகையும் இசைத்தாள் வியாபாரமுமாக ஒரு கடையை நடத்தியவர். ஊரறிந்த பியானோ ஆசிரியர். தாய் மரியானாவும் பாடகர், பியானோ கலைஞர். லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் பாடியும் வாசித்தும் பெயர் பெற்றவர். பெற்றோர் பிரிந்தபோது அன்றைய சட்டப்படி குழந்தை தந்தைக்கு உரியது என்று ஆனதால், ஐந்து வயது நிரம்பும் வேளையில் கிளாரா தாயைப் பிரிய நேர்ந்தது. நான்கு வயது தாண்டும்வரை அவர் பேசவில்லை. காது கேட்காத குழந்தையோ என்றுகூட வீட்டார் ஐயுற்றனர்.

வீக்கின் பயிற்சி முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கு பல பெற்றோர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு பிள்ளையை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஸ்டூலில் உட்கார வைக்கலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். வீக் அப்படிச் செய்யவில்லை. தினமும் ஒரு மணி நேரப் பாடம், அதற்குமேல் அளவான பயிற்சி, அதன்பின் திறந்தவெளியில் நீண்ட நடை என்பதே அவர் வகுத்த ஒழுங்கு. குரலிசை, வயலின், இசை இலக்கணம், பல வாத்தியங்களுக்கான இசைத்தாளை ஒரே பார்வையில் படித்தல் ஆகியவற்றையும் தனித்தனி ஆசிரியர்களை அமர்த்திக் கற்பித்தார். நல்ல இசை நாடகம் ஊருக்கு வந்தால் சிறுமியை அழைத்துச் சென்று கேட்க வைத்தார். பியானோவின் கட்டைகளை மேலிருந்து அடிக்கக் கூடாது, விரல் கட்டையை விட்டு அகலாமல் அழுத்தியே ஒலியை எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் அடிப்படைப் பாடம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கிளாரா தம் மாணவர்களுக்கு அதையே சொன்னார்.

முறை சிறந்ததாக இருந்தாலும் மனிதர் கடுமையானவர். மகளின் நாட்குறிப்பை அவரே, மகள் எழுதுவதுபோல் “நான்” என்று எழுதிவந்தார். தம்மைப் பற்றிய பாராட்டையும்கூட மகளின் வாய்மொழியாகவே அதில் பதிந்தார். பிள்ளையின் சாதனையைத் தம் சாதனையாக எண்ணும் பெற்றோர் எல்லாக் காலத்திலும் உண்டு என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

எந்த வயதில் மேடையேறினார்? எப்போது இசையமைக்கத் தொடங்கினார்?

1828 அக்டோபர் 20 அன்று, ஒன்பது வயதில், கெவாண்ட்ஹவுஸில் வேறொருவர் நடத்திய கச்சேரியில் பங்கேற்றார். அவர் பெயரிலேயே முழுக் கச்சேரி அதே அரங்கில் 1830 நவம்பர் 8 அன்று நடந்தது. அதில் அவரே இயற்றிய வேரியேஷன்களும் (ஒரே மெட்டைப் பல விதமாக மாற்றி விரிப்பவை) இடம்பெற்றன. முதல் ஓப்பஸ் எண் (வெளியான படைப்புகளுக்கு இடும் வரிசை எண்) தாங்கிய நான்கு பொலோனேஸ்கள் (போலந்து நடன வகை உருப்படிகள்) 1831இல் அச்சாயின. அதே ஆண்டில் வைமரில் முதிய கவிஞர் கதேயின் முன் வாசித்து, அவருடைய உருவம் பொறித்த பதக்கத்தைப் பெற்றார்.

அந்தச் சிறு வயதிலேயே அவர் இசையமைத்ததற்குத் திறமை மட்டும் காரணமன்று என்பதைக் கவனிக்க வேண்டும். 1830களில் ஊர் ஊராகச் சென்று வாசித்த பியானோ கலைஞர் எவரும் தம் சொந்த உருப்படியோடுதான் மேடைக்கு வர வேண்டும் என்று கேட்போர் எதிர்பார்த்தனர். புகழ்பெற்ற இசை நாடகங்களின் மெட்டுகளை எடுத்து அலங்கரித்து வாசிப்பதும், விரல் வேகத்தைக் காட்டும் சொந்த உருப்படிகளை வாசிப்பதும், கேட்போர் கொடுத்த மெட்டை அந்த இடத்திலேயே விரித்துக் காட்டுவதும் ஒரே தொழிலின் பகுதிகளாக இருந்தன. ஆகவே கிளாராவின் இசையமைப்பு அவருடைய கச்சேரி வாழ்க்கைக்கு வெளியே தனியே நின்ற ஒன்றன்று. கச்சேரியின் தேவையிலிருந்தே அது பிறந்தது. பின்னாளில் அது ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொள்வதற்கும் இந்தச் செய்தி வேண்டும்.

பியானோ கான்செர்ட்டோவை அவருக்காக ராபர்ட் எழுதிக் கொடுத்தார் என்கிறார்களே?

இல்லை. ஏ மைனர் கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), அதாவது ஓப்பஸ் 7ஐ, கிளாரா பதின்மூன்று வயதில் தொடங்கினார். முதலில் எழுதியது இன்று மூன்றாம் பகுதியாக இருக்கும் இறுதிப் பகுதியைத்தான். அதைத் தனி உருப்படியாக வாசித்து வந்தபோது அதன் ஆர்கெஸ்ட்ரா பகுதியை அமைக்க ராபர்ட் உதவினார். முழு கான்செர்ட்டோ 1835 நவம்பர் 9 அன்று கெவாண்ட்ஹவுஸில் இசையமைப்பாளர் மெண்டல்சன் ஆர்கெஸ்ட்ராவை நடத்த அரங்கேறியது. வாசித்தவருக்கு வயது பதினாறு. இரண்டாம் பகுதியில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் ஒதுங்கி நிற்க, பியானோவும் ஒரே ஒரு செல்லோவும் உரையாடுகின்றன. அந்தத் துணிச்சல் அவருடையதே.

உண்மையில் கருத்துகள் எதிர்த்திசையிலும் பயணித்தன. கிளாராவின் ஓப்பஸ் 3இல் உள்ள மெட்டின் மீது ராபர்ட் தம் ஓப்பஸ் 5ஐ அமைத்தார். கிளாராவின் ஓப்பஸ் 6இல் உள்ள மசூர்க்கா என்ற நடன உருப்படியின் தொடக்கத்தை எடுத்து, தம்முடைய ஓப்பஸ் 6ஆன நடனத் தொகுப்பைத் தொடங்கினார். கணவரிடமிருந்து மனைவி கற்றார் என்ற ஒற்றை வரியில் இந்த உறவை அடக்க முடியாது.

இளம் வயதிலேயே இவ்வளவு புகழ் எப்படி வந்தது?

வியன்னாவில்தான் அது உச்சத்தை எட்டியது. 1837–38 குளிர்காலத்தில் அங்கே தொடர்ந்து கச்சேரிகள் செய்தார். பதினெட்டு வயதில், புராட்டஸ்டண்டாகவும் வெளிநாட்டவராகவும் இருந்தும், ஆஸ்திரியப் பேரரசின் அரசவைக் கலைஞர் பட்டம் பெற்றார். பெத்தோவனின் எஃப் மைனர் சொனாட்டாவை அவர் வாசித்ததைக் கேட்டு நாடக ஆசிரியர் கிரில்பார்ட்சர் கவிதை எழுதினார். உணவகங்களில் அவர் பெயரில் ஒரு கேக்கும் விற்பனையானதாம். புகழுக்கு இதைவிட இனிய அளவுகோல் எனக்குத் தெரியாது.

திருமணத்துக்குத் தந்தை ஏன் எதிர்ப்புத் தெரிவித்தார்?

ராபர்ட் வீக்கிடமே மாணவராக வந்து அந்த வீட்டில் தங்கியவர். கிளாராவைவிட ஒன்பது வயது மூத்தவர். விரல் காயத்தால் பியானோ மேடையை விட்டவர். நிலையான வருமானம் இல்லாதவர். மகளை உருவாக்குவதில் ஆண்டுகளைச் செலவிட்ட வீக்குக்கு அவள் குடும்பத்தில் அடங்கிப்போவாள் என்ற அச்சம் இருந்திருக்கலாம். அவளுடைய வருமானம் போய்விடும் என்ற கணக்கும் இருந்தது. அதுவரை கிளாரா சம்பாதித்த பணத்தைத் தர மறுத்தார். நீதிமன்றத்தில் ராபர்ட்டைக் குடிகாரர் என்று குற்றம் சாட்டினார். தந்தையின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று, 1840 செப்டம்பர் 12 அன்று, இருபத்தொன்று நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக, லைப்சிக்குக்கு அருகிலிருந்த ஷோனஃபெல்டில் மணந்துகொண்டனர்.

இந்தக் கதையைக் காதல் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது 1839ஆம் ஆண்டுப் பாரிஸ் பயணம்தான். தந்தை உடன் வர மறுத்தபோது, பத்தொன்பது வயதுப் பெண் அரங்கு பேசுவது, பியானோ ஏற்பாடு செய்வது, அறிமுகக் கடிதங்களைக் கொண்டு போய்க் கொடுப்பது, டிக்கெட் விற்பது என எல்லாவற்றையும் தாமே செய்து கச்சேரி நடத்தினார். பிற்காலத்தில் அவர் குடும்பத்தைத் தனியே தாங்கிய திறன் அங்கேதான் உருவானது.

திருமணத்துக்குப் பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டாரா?

நிறுத்தவில்லை, ஆனால் பயிற்சிக்கு இடம் இல்லாமல் திண்டாடினார். வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. ராபர்ட் எழுதும் நேரத்தில் பக்கத்து அறையில் பியானோ ஒலிக்கக் கூடாது. தம் வாசிப்பு பின்தங்குகிறது என்று கிளாரா இருவரும் பகிர்ந்துகொண்ட நாட்குறிப்பில் வருந்தி எழுதினார். குழந்தைகளும் எப்போதும் கற்பனையில் வாழும் கணவரும் இசையமைப்போடு ஒத்துப்போவதில்லை, நல்ல கருத்துகள் பல எழுதப்படாமலே போகின்றன என்று 1843இல் ராபர்ட்டே அதே நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்டதோடு சரி.

இதற்கிடையிலும் 1842இல் கோபன்ஹேகனுக்குத் தனியாகச் சென்று கச்சேரி செய்தார். 1844இல் இருவருமாக ரஷ்யாவுக்குச் சென்றனர். 1841க்கும் 1854க்கும் இடையே எட்டுக் குழந்தைகளைப் பெற்றார். அவர்களுள் எமில் கைக்குழந்தையாகவே இறந்தான். 1849 மே மாதம், அவர்கள் அப்போது வசித்த டிரெஸ்டனில் கிளர்ச்சி வெடித்து, ஆண்களைப் பிடித்துப் படையில் சேர்த்தபோது, ராபர்ட்டையும் மரீயையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, விட்டுவந்த மற்றக் குழந்தைகளை அழைத்துவர நிறைமாதத்தை நெருங்கிய உடலோடு இரவில் வயல்வெளி வழியே ஊருக்குள் திரும்பியவர் கிளாராதான்.

அவருடைய இசையமைப்புகளில் சிறந்தது எது?

1846இல் எழுதிய ஜி மைனர் ட்ரியோ, ஓப்பஸ் 17. பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்கும் உரியது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவரும் ராபர்ட்டும் சேர்ந்து பாக்கின் ஃபியூக் முறையை (ஒரே கருத்தைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் அமைப்பு) ஆழ்ந்து படித்தனர். அந்தப் படிப்பின் நேரடி விளைவாக அவருடைய ஓப்பஸ் 16, மூன்று பிரலூடும் ஃபியூகும், வெளிவந்தது. ட்ரியோவில் அந்தப் படிப்பு பாடமாகத் துருத்தி நிற்காமல் உணர்ச்சிக்குள் கரைந்திருக்கிறது. கடைசிப் பகுதியில் ஒரே கருத்தை மூன்று வாத்தியங்களும் ஒன்றையொன்று துரத்திப் பிடிக்கும் இடத்தைக் கேட்டால், இதை எழுதியவர் ஒரு பியானோ கலைஞர் மட்டுமல்லர் என்பது விளங்கும். வயலினுக்கும் செல்லோவுக்கும் அவர் சம பங்கு தருகிறார். பியானோவுக்கு இரண்டு பக்கவாத்தியங்கள் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அடுத்த ஆண்டு ராபர்ட் தம் முதல் ட்ரியோவை எழுதிய பிறகு, தம்முடையது பெண்மை மிகுந்ததாகவும் நெகிழ்ச்சி மிகுந்ததாகவும் தோன்றுவதாகக் கிளாராவே குறைத்துப் பேசினார். அந்தத் தீர்ப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை.

பாடல்களும் குறிப்பிடத் தக்கவை. ரூக்கர்ட்டின் கவிதைகளுக்கு அவர் இசையமைத்த மூன்று பாடல்கள் ராபர்ட்டின் ஒன்பது பாடல்களோடு ஒரே தொகுப்பாக 1841இல் வெளியாயின. எது யாருடையது என்று கேட்டுக் கண்டுபிடிப்பது நல்ல காதுப் பயிற்சி.

குடும்பத்தைக் காப்பாற்றியது யார்?

1854 பிப்ரவரி 27 அன்று, மனநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்த ராபர்ட், டியூசல்டார்ஃப் நகரில் ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்டு, தம் விருப்பத்தின்பேரிலேயே பான் நகரை அடுத்த எண்டெனிச் மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிளாராவை அவரைப் பார்க்க விடவில்லை. 1856 ஜூலை 29 அன்று அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் சந்திக்க முடிந்தது. இடையில் 1854 ஜூனில் கடைசி மகன் ஃபெலிக்ஸ் பிறந்தான். அக்டோபரில் கிளாரா மீண்டும் கச்சேரிப் பயணம் கிளம்பிவிட்டார். நண்பர்கள் நிதிக் கச்சேரி நடத்தித் தருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டார். தாம் வாசித்துச் சம்பாதித்துக்கொள்ள முடியும் என்பதே அவர் சொன்ன காரணம்.

அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் குளிர்காலம் முழுவதும் பயணம், கோடையில் குழந்தைகளோடு சில வாரங்கள் என்று வாழ்க்கை அமைந்தது. இங்கிலாந்துக்கு மட்டும் 1856 முதல் பல முறை சென்றார். குழந்தைகளை விடுதிப் பள்ளிகளிலும் உறவினரிடமும் நண்பர்களிடமும் விட்டுவைத்தார்; கடிதத்தின் வழியே கையெழுத்தையும் கணக்கையும் பியானோப் பயிற்சியையும் கண்டித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை விடுதியில் சேர்க்க ஊரெல்லாம் மலையேறி வரும் நம் மாவட்டத்தில் இது வியப்பான செய்தியல்ல. ஆனாலும் தாயன்பு அற்றவர் என்று அவரைக் குறைசொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயணம் செய்யும் தந்தையரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பிராம்ஸுக்கும் அவருக்கும் என்ன உறவு?

1853 இலையுதிர் காலத்தில் இருபது வயது இளைஞராக அந்த வீட்டுக்கு வந்த இசையமைப்பாளர் பிராம்ஸ், ராபர்ட்டின் நோய்க்காலத்தில் குடும்பத்துக்குத் துணையாக நின்றார், காதலும் கொண்டார். இருவரும் மணந்துகொள்ளவில்லை. கடிதங்களில் பலவற்றை அவர்களே அழித்துவிட்டதால் எஞ்சியதை வைத்து ஊகங்கள் பெருகின. நாற்பதாண்டுகளாகப் பிராம்ஸ் தம் புதிய படைப்புகளின் கையெழுத்துப்படிகளை முதலில் அனுப்பிக் கருத்துக் கேட்டவர்களுள் கிளாரா முதன்மையானவர் என்பதுதான் இசைக்கு வேண்டிய செய்தி.

அவர் இசையமைப்பதை ஏன் நிறுத்தினார்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. 1853 கோடையில், டியூசல்டார்ஃபில் முதன்முறையாகத் தமக்கெனத் தனி அறை கிடைத்தபோது, ராபர்ட்டின் மெட்டின் மீது அமைந்த வேரியேஷன்கள் (ஓப்பஸ் 20), வயலினும் பியானோவும் இணையும் மூன்று ரொமான்ஸ்கள் (ஓப்பஸ் 22), ஆறு பாடல்கள் (ஓப்பஸ் 23) ஆகியவற்றைக் கிடுகிடுவென எழுதினார். பியானோவுக்கான ரொமான்ஸ்களையும் (ஓப்பஸ் 21) அந்தக் கோடையிலேயே தொடங்கினார். ராபர்ட்டின் மறைவுக்குப் பின் வாழ்ந்த நாற்பதாண்டுகளில், நண்பர்களின் மணநாளுக்கு 1879இல் எழுதிய ஒரு மார்ச் போன்ற சில சிறு உருப்படிகள் தவிர, பெரும்பாலும் பெத்தோவன், மொசார்ட் கான்செர்ட்டோக்களுக்கான கெடென்சாக்களைத்தான் (தனி வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதிகள்) எழுதினார்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. முதலாவது துயரம். அதை மறுப்பதற்கில்லை, ஆனால் அதே துயரத்தோடுதான் அவர் நூற்றுக்கணக்கான கச்சேரிகள் செய்தார். இரண்டாவது, தன்னம்பிக்கை இன்மை. 1839இலேயே, படைப்புத் திறமை தமக்கு இருப்பதாக ஒருகாலத்தில் நம்பியதாகவும், இப்போது அதைக் கைவிட்டதாகவும், ஒரு பெண் இசையமைக்க விரும்பக் கூடாது, இதுவரை எந்தப் பெண்ணாலும் முடியாதது தம்மால் மட்டும் முடியுமா என்றும் நாட்குறிப்பில் எழுதினார். நெஞ்சைத் தொடும் வரிகள்தான்; ஆனால் அவற்றுக்குப் பின்புதான் ட்ரியோவும், ஃபியூக்குகளும், பாடல்களும், 1853இன் படைப்புகளும் வந்தன. ஆகவே அந்த வரிகளை முடிவுரையாக மேற்கோள் காட்டுவது நேர்மையன்று. மூன்றாவது, நேரமின்மை, அது உண்மை.

இவற்றோடு நான் சேர்க்க விரும்பும் காரணம் மேடையைப் பற்றியது. 1830களில் சொந்த உருப்படி இல்லாமல் பியானோ கலைஞர் மேடையேற முடியாது என்று மேலே குறிப்பிட்டேன். 1850களுக்குள் அந்த வழக்கம் மாறிவிட்டது. பாக், பெத்தோவன், ஷோபான், ஷூமன் என்று மறைந்த மேதைகளின் படைப்புகளைக் கூட்டல் கழித்தல் இன்றி அப்படியே வாசித்துக் காட்டுவதே உயர்ந்த கலை என்ற எண்ணம் நிலைபெற்றது. அந்த மாற்றத்தை உண்டாக்கியவர்களில் முன்னணியில் நின்றவர் கிளாராதான். விரல் வேகத்தைக் காட்டும் அலங்கார உருப்படிகளை நிகழ்ச்சியிலிருந்து விலக்கினார். கச்சேரியைச் சுருக்கி, எடை கூட்டினார். கேட்போரை மௌனமாக அமர்ந்து கேட்கப் பழக்கினார். நம் கர்நாடக இசையில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் மும்மூர்த்திகளின் கிருதிகள் நடுநாயகமாக அமைந்த பிறகு, பாடுபவர் தாமே இயற்றியதைப் பாடுவது அரிதாகிப்போனதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாம் கட்டியெழுப்பிய மேடையில் தம் சொந்த இசைக்கு இடம் இல்லாமல் போனது. அதைவிட, கணவரின் இசையை உலகத்துக்கு நிலைநாட்டுவதைத் தம் கடமையாக அவர் எடுத்துக்கொண்டதால், அந்த இடத்தைக் கேட்கவும் அவருக்கு மனம் வரவில்லை. இது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள் அவருடைய நிகழ்ச்சி நிரல்களை ஆண்டு வரிசையில் பார்த்துவிட்டு வாதிடலாம்.

அப்படியானால் பிற்காலத்தில் படைப்பாற்றலே வெளிப்படவில்லையா?

வெளிப்பட்டது, தாளில் அல்ல. ஓர் உருப்படியைத் தொடங்கும் முன்பும், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதும், அதன் சுருதிக்கும் மனநிலைக்கும் பொருந்த அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்து வழியமைக்கும் பழைய வழக்கத்தை அவர் முதுமை வரை விடவில்லை. கிருதிக்கு முன் சுருக்கமாக ராகத்தைக் கோடி காட்டும் நம் வித்வான்களின் பழக்கம் நினைவுக்கு வரும். மகள்கள் வேண்டிக்கொண்டதால், இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1895இல் அவற்றுள் சிலவற்றை எழுதி வைத்தார்.

நோட்டைப் பார்க்காமல் வாசிப்பதைத் தொடங்கி வைத்தவர் அவர்தானா?

தொடங்கி வைத்தவர்களுள் ஒருவர். 1837இல் பெர்லினில் பெத்தோவனின் சொனாட்டாவை நினைவிலிருந்து வாசித்தபோது அது அடக்கமின்மை என்று ஏசப்பட்டது. இன்று கச்சேரி மேடையில் நோட்டை வைத்துக்கொள்வதுதான் விளக்கம் கேட்கப்படும் செயலாகிவிட்டது. முதுமையில் தமக்கே நினைவு பிசகுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது என்பதைத் தேர்வுக்குமுன் நடுங்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

ஆசிரியராக எப்படி இருந்தார்? அவர் வாசிப்பின் ஒலிப்பதிவு கிடைக்குமா?

1878 முதல் 1892 வரை பிராங்க்ஃபர்ட்டின் ஹோக் இசைக்கல்லூரியில் முதன்மைப் பியானோ ஆசிரியராக இருந்தார். பணியில் சேரும்போதே குறைந்த பாட நேரம், நீண்ட விடுமுறை, கச்சேரிப் பயணத்துக்குத் தடையின்மை, வீட்டிலேயே பாடம் என்று நிபந்தனை விதித்தார். கல்லூரி எல்லாவற்றையும் ஏற்றது. மகள்கள் மரீயும் ஒய்கெனீயும் தொடக்கநிலை மாணவர்களைத் தயார்படுத்தினர்.

அவருடைய வாசிப்பின் ஒலிப்பதிவு இல்லை. மாணவர்களான ஃபேனி டேவிஸ், அடெலினா டி லாரா, இலோனா ஐபன்ஷூட்ஸ் ஆகியோரின் பதிவுகள் இருக்கின்றன. இவற்றை வைத்து ஆசிரியரை ஊகிக்கலாம், அளவோடு.

ராபர்ட்டின் படைப்புகளை அவர் அழித்தார் என்பது உண்மையா?

ஒரு பகுதி உண்மை. 1881 முதல் 1893 வரை பிராம்ஸின் துணையோடு ராபர்ட்டின் முழுப் படைப்புகளையும் பதிப்பித்தவர் அவரே. அந்த உழைப்பு இல்லாமல் இன்று நாம் வாசிக்கும் பலவும் இந்த ஒழுங்கில் கிடைத்திருக்காது. அதே கைதான், நோயின் நிழல் படிந்தவை என்று கருதி, செல்லோவுக்கான ஐந்து ரொமான்ஸ்களை 1893இல் தீயிலிட்டது. வயலின் கலைஞர் யோவாகிமும் பிராம்ஸும் உடன்பட, ராபர்ட்டின் வயலின் கான்செர்ட்டோவை அச்சேறாமல் தடுத்துவைத்தார். அது 1937இல்தான் அரங்கேறியது. அவரை மதிப்பவர்கள் இந்தச் செயலை நியாயப்படுத்த முயல்வது வீண் வேலை. கான்செர்ட்டோ நன்றாகவே இருக்கிறது.

எப்போது இறந்தார்?

1896 மே 20 அன்று பிராங்க்ஃபர்ட்டில். பான் நகரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ராபர்ட்டின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். ஜூலி, ஃபெலிக்ஸ், ஃபெர்டினாண்ட் என வளர்ந்த பிள்ளைகள் மூவர் அவருக்கு முன்பே இறந்துவிட்டனர். லுட்விக் மனநோய் இல்லத்தில் இருந்தார்.

என் மகள் இப்போது நடுநிலை கிரேடில் இருக்கிறாள். கிளாராவின் எந்த உருப்படியை வாசிக்கலாம்?

தொடக்க நிலைக்கு ஏற்றவற்றை ராபர்ட் எழுதியதுபோல் கிளாரா எழுதவில்லை. ஓப்பஸ் 15இன் முதல் உருப்படியான எஃப் மேஜர் லார்கெட்டோ மெதுவானது, குறுகியது. இரண்டு கைகளிலும் உள்குரல்களைப் பிரித்துக் கேட்கப் பழகியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஓப்பஸ் 6இன் நாக்டர்ன் அடுத்த படி. வயலின் கற்கும் தோழி ஒருத்தி இருந்தால் ஓப்பஸ் 22இன் முதல் ரொமான்ஸைச் சேர்ந்து பழகட்டும். கான்செர்ட்டோவைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிளாராவின் கை அகலம், அதற்கேற்ப எழுதியிருக்கிறார். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் பழைய பதிப்புகளின் இசைத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

61 கட்டை கீபோர்டில் வாசிக்க முடியுமா? வீட்டிலுள்ள பழைய பியானோ போதுமா?

61 கட்டைகள் என்பது ஐந்து ஸ்தாயி. சிறுமி கிளாராவின் காலத்துப் பியானோவிலேயே ஆறு ஸ்தாயிகள் இருந்தன. ஆகவே கீபோர்டில் அடிப்பகுதி ஸ்வரங்கள் விடுபட்டுப்போகும். அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறாத கீபோர்டில் அவருடைய விரல் முறையைக் கற்பதும் இயலாது. 88 கட்டை டிஜிட்டல் பியானோ அல்லது பள்ளியிலோ தேவாலயத்திலோ இருக்கும் மரப் பியானோ தேவை.

பழைய மரப் பியானோ நம் மலையில் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி என்றால் ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஈரத்தை உறிஞ்சி, சுருதி ஏறிக் கட்டைகள் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும்; பனிக்காலம் முடிந்து வறளும்போது சுருதி இறங்கும். வெளிச்சுவரை ஒட்டிப் பியானோவை வைக்கக் கூடாது. உள்ளே அடிப்பகுதியில் சிறிய குண்டு பல்பை எரியவிடும் பழைய வழக்கத்தை, மரத்திலிருந்தும் துணியிலிருந்தும் தள்ளி வைத்து, கண்காணிப்போடு பின்பற்றலாம். மழை நடுவில் டியூனரை வரவழைத்துப் பணத்தை வீணாக்காமல், மழை ஓய்ந்து மரம் காய்ந்த பிறகு கோவையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வரவழைப்பது மேல். அதுவரை ஓப்பஸ் 15இன் லார்கெட்டோவை வாசித்துக்கொண்டிருக்கலாம். அதே தொகுப்பின் கடைசியிலுள்ள ஸ்கெர்ட்சோவுக்கு ஒட்டாத கட்டைகள் வேண்டும்.